சாணியைப் பார்த்துத் தீனியைத் திருத்துங்கள்

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பறிக்கும் காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்க மாட்டுத் தொழுவங்களில் இதைக் கவனியுங்கள். சாணி இளகி, நுரை கட்டி, புளித்த வாடை அடித்தால் மரச்சீனியோ சோறோ அளவு மீறியிருக்கிறது. மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாவதால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஒரு கைப்பிடி சாணியைச் சல்லடையிலிட்டுக் கழுவுங்கள், 1 செ.மீ.க்கு மேல் நீளமான வைக்கோல் துண்டுகள் நிறையத் தங்கினால் நார் சரியாகச் செரிக்கவில்லை. மரச்சீனியைக் குறைத்து, முதலில் வைக்கோல், பிறகு அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு போன்றவை) கொடுங்கள். எந்தத் தீனியையும் 7 முதல் 10 நாளில் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். பச்சை மரச்சீனித் தோலும் இலையும் சயனைடு நஞ்சு உள்ளவை. நறுக்கி, நன்றாக வெயிலில் உலர்த்தாமல் போடவே கூடாது.

மூத்திர நெடி கண்ணை எரித்தால் புண்ணாக்கு மிகுதியாக இருக்கலாம். காசு செலவழித்துப் போட்ட புரதம் அம்மோனியாவாகப் பறக்கிறது.

சாணி கெட்டியாக அடுக்கடுக்காக விழுந்தால் வைக்கோல் மட்டுமே தின்கிறது, அல்லது தண்ணீர் போதவில்லை. தீனி செரிக்கும்போது இரைப்பையில் உண்டாகும் மீத்தேன் வாயுவில் பெரும்பங்கு ஏப்பமாக வாய்வழியே போகிறது. நார் மிகுந்த மட்டத் தீனியில் ஒரு லிட்டர் பாலுக்கு அது கூடும். இளம் பசும்புல் சேர்த்துக் கொடுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கின் எண்ணெய் மீத்தேனைக் குறைக்கும். அந்த எண்ணெய் அளவு மீறினால் நார்ச் செரிமானம் கெடும்.