நாடுகளின் சமூக மூலதனத்தை ஒப்பிடுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவது, சங்கங்களில் சேர்வது, பொதுவேலைக்குக் கைகொடுப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சமூக மூலதனம். எடுத்த எடுப்பிலேயே இவற்றை ஒரே மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள். தனித்தனியாக அளந்தால்தான் எந்த நாடு எதில் பின்தங்குகிறது என்பது தெரியும்.

1. தரவை எடுங்கள். பல நாட்டு மக்களின் மதிப்பீடுகளையும் நம்பிக்கைகளையும் கேட்டறியும் கருத்தாய்வான வேர்ல்டு வேல்யூஸ் சர்வே 1981இல் தொடங்கியது; அதன் தரவு இலவசம். 7ஆம் சுற்று 2017 முதல் 2022 வரை நடந்தது. ஐரோப்பிய நாடுகளும் வேண்டுமென்றால், இதேபோன்ற ஐரோப்பிய ஆய்வான யூரோப்பியன் வேல்யூஸ் ஸ்டடியோடு இணைத்த கோப்பை எடுங்கள்.

2. அடிப்படைக் கேள்வி. "பெரும்பாலானவர்களை நம்பலாமா, எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா?" நம்பலாம் என்றவர்களின் சதவீதத்தைக் கணக்கிடுங்கள். 'தெரியாது', 'பதில் சொல்ல மறுத்தார்' போன்றவை எதிர்மறை எண்களாகப் பதிவாகியிருக்கும். முதலில் அவற்றை நீக்குங்கள். கோப்பில் உள்ள எடைக்காரணியையும் (பதில் சொன்னவர்கள் நாட்டு மக்கள்தொகையோடு பொருந்தும்படி ஒவ்வொருவர் பதிலுக்கும் தரும் மதிப்பு) மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வே, ஸ்வீடனில் 60 சதவீதத்துக்கு மேல் வரும். கொலம்பியாவில் 10ஐக்கூடத் தொடாது.

3. யாரை நம்புகிறார்கள்? எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். சீனாவிலும் 60 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஆனால் 'பெரும்பாலானவர்கள்' என்றதும் மனதில் வருவது யார்? சொந்தபந்தமா, முன்பின் தெரியாதவரா? டெல்ஹே, நியூட்டன், வெல்செல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011இல் எழுப்பிய கேள்வி இது. வேர்ல்டு வேல்யூஸ் சர்வேயிலேயே இதற்கு வழி உண்டு: குடும்பம், அக்கம்பக்கம், தெரிந்தவர், முதன்முறை சந்திப்பவர், வேறு மதத்தவர், வேறு நாட்டவர் என ஆறு கேள்விகள். 'முழுமையாக நம்புகிறேன்' என்பதற்கு அங்கே 1 என்று இருக்கும். அது 4 ஆகவும், 'துளியும் நம்பவில்லை' என்பது 1 ஆகவும் வரும்படி அளவுகோல் முழுவதையும் திருப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் மூன்றுக்கும் கடைசி மூன்றுக்கும் தனித்தனிச் சராசரி. ஒருவர் 4, 3, 4 என்றும் பிறகு 1, 2, 1 என்றும் சொன்னால் சராசரிகள் 3.67, 1.33. இடைவெளி சுமார் 2.3. இந்த இடைவெளி பெரிதாக உள்ள நாட்டில், இரண்டாம் படியில் வந்த சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

4. சங்க உறுப்பினர்கள். பெயரளவில் இருப்பவர்களை விட்டுவிட்டு, 'செயல்படும் உறுப்பினர்' என்றவர்களை மட்டும் எண்ணுங்கள்.

5. நடத்தையோடு ஒத்துப்பாருங்கள். சொல்வது வேறு, செய்வது வேறாக இருக்கலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஹோட்டல் போன்ற இடங்களில் 'தொலைந்த பொருள்' என்று கொடுத்து, எத்தனை பேர் உரியவரைத் தொடர்புகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பாலான நாடுகளில், பணம் இருந்த பர்ஸ்களுக்கே அதிகம் பேர் உரியவரைத் தொடர்புகொண்டார்கள்! ஒவ்வொரு நாட்டிலும் தொடர்புகொண்டவர்களின் விகிதத்தை ஓர் அச்சிலும், முன்பின் தெரியாதவர்மீதான நம்பிக்கையை மறு அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் நாடுகளிலிருந்து ஆராயத் தொடங்கலாம்.