நீர்த்தெள்ளு, பாசி, ஆர்ட்டீமியா: நச்சுத்தன்மையை ஒப்பிடும் முறை

வண்டியூர்க் கண்மாயில் கலக்கக்கூடிய ஒரு வேதிப்பொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க விரும்பும் மதுரை மாணவர்கள், எந்த உயிரில், எவ்வளவு நேரத்தில், எந்த விளைவை அளக்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். டாஃப்னியா எனும் சிறு நன்னீர் உயிரான நீர்த்தெள்ளில், பிறந்து 24 மணி நேரம் கடவாத குஞ்சுகளில் பாதியை 48 மணி நேரத்தில் அசைவிழக்கச் செய்யும் செறிவு கணக்கிடப்படுகிறது; பாசியிலோ 72 மணி நேர வளர்ச்சிக் குறைவே அளவுகோல். இவ்விரு எண்களை மட்டும் அருகருகே வைத்து எந்த உயிர் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று முடிவுகட்டுவது சரியன்று.

நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை, நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். செம்பு போன்ற உலோகங்களின் நச்சு கடின நீரில் பொதுவாகக் குறைவதால், உப்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்து, கடினத்தன்மை அளந்து தயாரித்த ஒரே வகை நன்னீரைப் பயன்படுத்துங்கள். உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரான ஆர்ட்டீமியாவின் முடிவுகளைத் தனி அட்டவணையில் வையுங்கள்.

டாஃப்னியாவுக்கு 18 முதல் 22 டிகிரி வெப்பநிலை தேவை. சித்திரை வெயிலில் குளிரூட்டிய அறையின்றி இதைத் தொடங்கவே கூடாது. நச்சு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குவளைகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் குஞ்சுகள் அசைவிழந்தால் அச்சோதனையை விலக்கிவிடுங்கள். களைக்கொல்லிகள் பெரும்பாலும் பாசியையும், பூச்சிக்கொல்லிகள் நீர்த்தெள்ளையும் முதலில் தாக்குவதால், சராசரி எடுக்காமல் ஒவ்வோர் உயிரின் மதிப்பையும் தனித்தனியே எழுதுங்கள்.