நுரையீரலில் ஓட்டை தெரிந்தாலே காசநோய்தானா?

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நுரையீரலில் உருண்டையாக ஒரு கட்டி, அதன் நடுவே ஓட்டை. கூடவே இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம். நம் நாட்டில் இதைக் காசநோய் என்றே எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஜிபிஏ என்ற அரிய நோயும் அச்சு அசலாக இப்படியே வரும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறு ரத்தக்குழாய்களையே தாக்கிப் புண்ணாக்கும் நோய் இது. 2011இல் பெயர் மாறும்வரை வெக்னர் நோய் என்றார்கள்.

சளியில் கிருமி அகப்படவில்லை, டிபி மாத்திரைக்கும் நோய் மசியவில்லை என்றால், 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று மாதங்களைக் கடத்துவதுதான் பெரிய தவறு.

அடுத்த தவறு, மூக்கை மறப்பது. இந்த நோயில் காலையில் மூக்கைச் சிந்தினால் ரத்தம் தோய்ந்த பொருக்கு வரும். சைனஸ் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர், நெஞ்சு மருத்துவரிடம் அதைச் சொல்வதே இல்லை. அவர் இருமலைப் பற்றித்தானே கேட்கிறார்! கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், காது அடைப்பையும் கண் சிவப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சிறுநீரை மறப்பது இன்னும் மோசம். இந்த நோய் சிறுநீரகத்தை வலியே இல்லாமல் கெடுக்கும். ரத்தமும் புரதமும் கசிவதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே காட்டிவிடும். நுரையீரலுக்கு சிடி ஸ்கேன் வரை போனவர்கள் இந்தச் சின்னப் பரிசோதனையை விட்டுவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த நோயைக் கண்டறிய உதவும் ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். காசநோயாளிகள் சிலருக்குப் பாசிட்டிவும் வரலாம். பல நேரங்களில் திசுப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

ரத்தம் துப்பினால்தான் ஆபத்து என்பதும் தவறு. காற்றுப்பைகளுக்குள் ரத்தம் கசிந்தும் வாய்வழி ஒரு துளிகூட வராமல் இருக்கலாம். திடீரென மூச்சு வாங்கி, ஹீமோகுளோபினும் சரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை தொடங்கி உடல் தேறியதும், எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்துபவர்கள் உண்டு. முகம் ஊதுகிறதே என்ற கவலை புரிகிறது. ஆனாலும் மருத்துவர்தான் அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் கோ-ட்ரைமாக்சசோல் இருந்தால், சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் புகாமல் தடுப்பது அதுதான். அது சல்பா வகை மருந்து; சல்பா ஒவ்வாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள்.