பாலாற்றங்கரையில் பாலம் பார்ப்பது எப்படி? வேலூரிலிருந்து ஒரு நாள் பயணம்

வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றுவார்கள், ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுவார்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவார்கள். காட்பாடியில் ரயிலிறங்கி ஊருக்குள் வரும்போது பாலாற்றின் மேல்தான் வந்திருப்பார்கள். ஆனால் ஜன்னல் வழியாக மணலையும் சீமைக் கருவேலத்தையும் பார்த்துவிட்டு, "ஆறு எங்கேங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது. ஆற்றைப் பார்க்கத் தெரியவேண்டுமென்றால் பாலத்திலிருந்து கீழே இறங்கவேண்டும். பழைய வட ஆற்காட்டுப் பாலங்களை ஒரே நாளில், புதிதாக வருகிறவர்களும் பார்த்துவிட்டு வரும்படி வழி சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்ச தூரம் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல், கீழே ஊற்று. தண்ணீர் பார்க்கவேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை. பாலத்தின் தூண்களை அடிவரை பார்க்கவேண்டும் என்றால் மாசி, பங்குனி.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது தை மாதம். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மணலில் நடக்கலாம். வெள்ளம் விட்டுப்போன தடமும் தூணில் அழியாமல் இருக்கும். சித்திரையில் வேண்டவே வேண்டாம். பகல் பன்னிரண்டு மணி மணலில் செருப்புப் போட்டும் கால் சுடும்.

படி 2: பை

தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு, கட்டிப்போடும் ஷூ, ஒரு நோட்டு, பேனா. ஷூ எதற்கென்றால் ஊரை ஒட்டிய ஆற்றங்கரையில் கண்ணாடித் துண்டும் குப்பையும் கிடக்கும். நம் ஆறு இப்படிக் கிடக்கிறதே என்று மனசு கனக்கத்தான் செய்யும். கேமரா இருந்தால் நல்லது, செல்போனே போதும்.

படி 3: காலை ஆறரைக்கு வேலூர் பாலாறு

புதிய பஸ் நிலையத்திலிருந்து காட்பாடி சாலையில் நடந்தால் பாலாறு வந்துவிடும். பழைய பாலமும் புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பாலத்தின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள். பஸ்ஸும் லாரியும் ஓயாமல் ஓடும் சாலை அது. பாலத்தைக் கடந்து விருதம்பட்டுப் பக்கம் போய், கரையிலிருந்து பாருங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆகவே அதன் பாலங்கள் வடக்கு தெற்காக நிற்கின்றன. காலையில் பாலத்துக்குக் கிழக்கே நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் தூண்களின் மேல். மாலையில் மேற்கே மாறிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் முதல் தடவை நான் எடுத்த படமெல்லாம் கறுப்பாகத்தான் வந்தது.

இன்னொன்று: காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையும் வேலூரில் பாலாற்றைக் கடக்கிறது. மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையான பாதை. காட்பாடியில் பாசஞ்சர் ஏறி வேலூர் கன்டோன்மென்ட்டில் இறங்கிவிடலாம், சில நிமிடப் பயணம்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். ஆற்றின் அகலம் எவ்வளவு என்பது, ரயில் கடகடவென்று கடந்துகொண்டே இருக்கும்போதுதான் உறைக்கும்.

படி 4: தூணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு தூணை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் தூணின் முகம். பல பழைய பாலங்களில் தண்ணீர் வரும் பக்கம் தூண் கூராகவோ உருண்டையாகவோ இருக்கும், படகின் மூக்குப் போல. வரும் வெள்ளத்தை இரண்டாகப் பிளந்து அனுப்பத்தான் அந்த மூக்கு. அதை வைத்தே, சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளிலும் ஆறு எந்தத் திசையில் ஓடும் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வெள்ளத்தடம். தூணின் மூக்கில், இரும்புச் சட்ட இடுக்கில், வைக்கோல், கிழிந்த சேலைத் துணி, தென்னை மட்டை, கோணிச் சாக்கு என்று ஏதாவது சிக்கியிருக்கும். தண்ணீர் குறைந்தபட்சம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் போனபோது, என் தலைக்கு மேலே ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் அந்தத் தூணைக் கடக்கும்போது கண் மேலே போகிறது.

மூன்றாவதுதான் முக்கியம்: தூணின் அடி. ஓடும் தண்ணீர் தூணில் மோதினால் அதில் ஒரு பங்கு கீழ்நோக்கி இறங்கும். அடியில் சுழன்று மணலைத் தோண்டும். தூணைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தால் அது இந்தச் சுழலின் வேலை. மணல் ஆற்றில் பாலம் கட்டுகிறவர்களுக்குப் பெரிய பயமே இதுதான். அதனால்தான் இப்படிப்பட்ட ஆறுகளில் கிணறு போல வட்டமாகக் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள அது தன் பாரத்தாலேயே கீழே இறங்கும்படி செய்து, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். கிணறு வெட்டுகிற நம் ஊர்க்காரர்களுக்கு உறை இறக்குவது என்றால் உடனே புரியும். அதே வித்தைதான்.

ஆற்று மணலை அள்ளக்கூடாது என்று ஏன் இத்தனை சண்டை என்பதும் இங்கே நின்றால் விளங்கும். மணல்தான் தூணைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த வெள்ளம் நேராக அஸ்திவாரத்தில் கை வைக்கும்.

படி 5: பத்து மணிக்குத் திருவலம்

இந்தப் பயணத்தில் ஓரிடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். காட்பாடியிலிருந்து பஸ் உண்டு. பாசஞ்சர் ரயிலிலும் வரலாம்.

இங்கே ஓடுவது பாலாறு அல்ல, அதில் வந்து சேரும் பொன்னை ஆறு. தேவாரப் பாடல் பெற்ற வில்வநாதேஸ்வரர் கோயில் இந்த ஊரில்தான். ஆற்றின் பழைய பெயர் நீவா. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டி இறைவன் "நீ வா" என்று அழைக்க, வந்த ஆறு என்கிறது தலபுராணம். கோயிலுக்குள் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து அமர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அதற்கும் காரணம் தண்ணீர்க் கதைதான்: மலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்த அர்ச்சகரை ஓர் அசுரன் மறிக்க, நந்தி புறப்பட்டுப் போனாராம்.

கோயிலைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு வாருங்கள். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம் நிற்கிறது. பக்கச் சட்டங்களைப் பாருங்கள், எல்லாம் முக்கோணங்கள். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியை முக்கோணமாகக் கட்டினால் சாயாது. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் இவ்வளவு பாரத்தையும் தாங்க விட்டிருக்கிறார்கள். சட்டங்கள் சேரும் இடத்தில் வரிசையாகக் காளான் குடை போல உருண்டைத் தலைகள் தெரியும். அவை ரிவெட்டுகள். உலையில் சிவக்கக் காய்ச்சி, துளையில் விட்டு, மறுபக்கம் அடித்துப் பரப்புவார்கள். ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். ஒன்றின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியிலும் அதன் வளைவு தெரியும்.

இதே ஆற்றில் ரயில் பாலமும் உண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அங்கிருந்து பாதை காட்பாடி நோக்கி நீண்டபோது குறுக்கே நின்ற பெரிய ஆறு பொன்னை. 2021 வெள்ளத்துக்குப் பின், அந்த டிசம்பரில் இந்த ரயில் பாலம் பழுதாகி, சென்னைப் பாதையில் பல ரயில்கள் ரத்தானது பலருக்கு நினைவிருக்கும். ரயில் பாலத்தின் மேல் ஏறவே ஏறாதீர்கள். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். பாலத்தின் நடுவில் ஒதுங்க இடம் கிடைக்காமல் போகலாம். கரையிலிருந்து பார்த்தாலே போதும். பாலத்தின் எண்ணும் தூணில் தீட்டிய வெள்ள அளவுக் கோடுகளும் கண்ணில் பட்டால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொன்னை வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. பாலம் கிழக்கு மேற்கு. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பாலத்துக்குத் தெற்கே நின்றால் படம் நன்றாக வரும்.

இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, பாலத்தப் போயி அவ்ளோ நேரம் பாக்குற?" சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி வரச்சொல்லோ ராவுல வந்து கேளு. தூண்ல மோதற சத்தம் எங்க வூட்டாண்ட கேக்கும்" என்றார். சத்தத்தையும் கேட்கவேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

படி 6: மாலையில் ராணிப்பேட்டை, ஆற்காடு

சாப்பாட்டை முடித்துக்கொண்டு ராணிப்பேட்டை போங்கள். பாலாற்றின் வடகரையில் ராணிப்பேட்டை, தென்கரையில் ஆற்காடு, நடுவே பாலம். செஞ்சி தேசிங்கு ராஜாவின் மனைவி நினைவாக வந்த பெயர் ராணிப்பேட்டை என்பார்கள். ஆற்காட்டுக் கரையில் பழைய கோட்டையின் மிச்சமாக டெல்லி கேட் நிற்கிறது. 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. பாலத்துக்கு மேற்கே நின்று மாலை வெளிச்சத்தில் பாருங்கள். அகலமான மணல், நீளமான பாலம், தூரத்தில் குன்றுகள். ஆற்காடு பஜாரில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

படி 7: நோட்டு

வீட்டுக்கு வந்ததும் தேதி, பாலத்தின் பெயர், தடம் எந்த உயரத்தில் இருந்தது, அடியில் குழி இருந்ததா என்று நாலு வரி எழுதுங்கள். நின்ற இடத்தையும் அடையாளத்தோடு குறியுங்கள்: "விருதம்பட்டுக் கரை, வேப்பமரம், நாலாவது தூண்" என்பது போல. கார்த்திகையில் தண்ணீர் வந்த செய்தி கேட்டதும் அதே வேப்பமரத்தடிக்குப் போங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் ஆற்றுக்குள் இறங்காமல் கரை மேட்டிலேயே நில்லுங்கள். தையில் நீங்கள் கை வைத்துப் பார்த்த இடம் செந்தண்ணீருக்குள் இருக்கும். தூணின் மூக்கில் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருக்கும்.