பெரிய வீட்டில் எதிரொலி இல்லாமல் குரலைப் பதிவு செய்ய

காரைக்குடிப் பக்கம் அப்பத்தாவின் தாலாட்டையோ பலகாரப் பக்குவத்தையோ பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் விலை கூடிய மைக்கைத் தேடுகிறார்கள். இடம்தான் அதைவிட முக்கியம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாமே குரலைத் திருப்பி அடிக்கும். படத்துக்கு அழகுதான், பதிவுக்கு ஆகாது. மெத்தை, பாய், புடவை அடைந்துகிடக்கும் சின்ன அறைக்குள் போய்விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டினால் சரி. தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் உரசினால் கரகரவென்று விழும். கழற்றச் சொன்னால் அப்பத்தா சம்மதிக்க மாட்டார், சேலைக்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒலி அளவு. பதிவுத் திரையில் ஏறி இறங்கும் ஒலிமானியில் சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். திடீரென்று சத்தமாகச் சிரித்தாலும் ஒலிமானியின் சிவப்பைத் தொடாது. கொஞ்சம் தாழ்வாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், சிவப்பைத் தொட்டு உடைந்த குரலை ஒட்டவைப்பது பெரும்பாடு. முழுப் பேச்சையும் தொடங்குமுன் பத்து விநாடி பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுவிடுங்கள்.