பேஸ்போல் ஸ்கோர் அட்டையை வாசிப்பது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலை மைதானங்களில் எல்லே ஆடி வளர்ந்தவர்களுக்கு, பந்தை அடித்துவிட்டு ஓடிச் சுற்றை முடித்தால்தான் ஓட்டம் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பேஸ்போல் நமக்கு அந்நியமான ஆட்டமன்று. நம்மைத் திகைக்க வைப்பது அதன் ஸ்கோர் அட்டைதான். அந்த அட்டைக்கு வடிவம் கொடுத்தவராகப் போற்றப்படும் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர் என்பதால், கிரிக்கெட் தெரிந்தவருக்கு அது விரைவில் பிடிபடும்.

முதலில் திகதியைக் கவனியுங்கள். நியூயோர்க்கில் கோடைகாலத்தில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30 மணி, எனவே காலையில் நாம் தேடும் முடிவு முந்தைய நாளின் திகதியிலேயே இருக்கும்.

அடுத்து, ஒரு கொப்பியில் இந்த இரண்டு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். 1956 ஒக்டோபர் 8ஆம் திகதி நடைபெற்ற, அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஆட்டம் இது.

புரூக்ளின் 000 000 000 – 0 0 0
நியூயோர்க் 000 101 00× – 2 5 0

மேல்வரி விருந்தினர் அணிக்குரியது. அதுவே முதலில் துடுப்பெடுத்தாடும். ஒவ்வோர் இலக்கமும் ஓர் இனிங்ஸில் பெற்ற ஓட்டங்களைக் குறிக்கிறது. நான்காவது இனிங்ஸில் மிக்கி மான்டில் ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவந்து பெற்ற ஹோம் ரன்னே கீழ்வரியின் முதலாவது 1. முன்னிலையில் இருந்த நியூயோர்க் ஒன்பதாவது இனிங்ஸில் துடுப்பெடுத்தாடத் தேவையில்லாததால் அங்கே பெருக்கற்குறி இடப்பட்டுள்ளது. இறுதி மூன்று எண்கள் முறையே ஓட்டங்கள், ஹிட்டுகள் (தன் அடியாலேயே தளத்தை அடைந்த தடவைகள்), களத்தடுப்புத் தவறுகள்.

இந்த மூன்றாவது எண்ணே அட்டையின் நேர்மை என்று நான் கருதுகிறேன். கிரிக்கெட்டில் கைநழுவிய பிடி ஸ்கோர் அட்டையில் பதிவாவதில்லை. இங்கோ எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டவரின் பெயரிலேயே தவறு எழுதப்படுகிறது. அத்தகைய தவறினால் மட்டும் வந்த ஓட்டங்கள், நம் ஆட்டத்தில் பை ஓட்டங்கள் பந்துவீச்சாளரின் கணக்கில் சேராதது போல, பந்தெறிபவரின் சராசரியில் சேர்க்கப்படுவதில்லை. அவருடைய வரியில் மொத்த ஓட்டங்களும் அவருக்கே உரிய ஓட்டங்களும் தனித்தனியே தரப்படுவதன் காரணம் இதுதான். அவருக்கே உரிய ஓட்டங்களை 9ஆல் பெருக்கி, எறிந்த இனிங்ஸ்களால் வகுத்தால் சராசரி கிடைக்கும்: அன்று புரூக்ளினுக்காக 8 இனிங்ஸ் எறிந்த சால் மாக்லி இரண்டு ஓட்டங்களைக் கொடுத்தார்; 2 × 9 ÷ 8 = 2.25. எண் குறைவாக இருப்பதே சிறப்பு.

6.2 இனிங்ஸ் என்று கண்டால் அது தசம எண் அன்று. 6.2 ஓவர் என்பதை ஆறு ஓவரும் இரண்டு பந்துகளும் என்று வாசிக்கும் நமக்கு, இதை ஆறு இனிங்ஸும் இரண்டு ஆட்டமிழப்புகளும் என்று வாசிப்பது கடினமாக இராது. ஓர் இனிங்ஸுக்கு ஆட்டமிழப்புகள் மூன்று என்பதால், சராசரி கணிக்கும்போது அதை ஆறும் மூன்றில் இரண்டும் என்றே கொள்ள வேண்டும்.

துடுப்பாட்டப் பகுதியில் பலரும் இடறும் இடம், துடுப்பெடுத்தாடிய தடவைகள் என்ற நிரலாகும். நான்கு தவறான பந்துகளால் முதலாம் தளத்தை இலவசமாகப் பெற்ற தடவையோ, சக வீரர் முன்னேறுவதற்காகத் தன்னை ஆட்டமிழக்கச் செய்த தியாக அடியோ அதில் சேராது. நான்கு முறை களமிறங்கி, ஒரு முறை இலவசத் தளமும் ஒரு ஹிட்டும் பெற்றவர் மூன்றுக்கு ஒன்று எடுத்தவராகிறார், அவருடைய சராசரி .333.

இவற்றை விளங்கிக்கொண்டபின், ஒன்பது இனிங்ஸ் ஆட்டமொன்றின் அட்டையை நீங்களே சரிபார்க்கலாம். ஓர் அணியின் துடுப்பெடுத்தாடிய தடவைகள், இலவசத் தளங்கள், பந்து உடலில் பட்டுக் கிடைத்த தளங்கள், தியாக அடிகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அரிதான சில நிகழ்வுகள் நீங்கலாக, ஓட்டங்கள், தளங்களில் நின்றுபோனவர்கள், ஆட்டமிழப்புகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும். டொன் லார்சன் எறிந்த அன்றைய ஆட்டத்தில் புரூக்ளின் வீரர் ஒருவர்கூட முதலாம் தளத்தை அடையவில்லை. எனவே ஒரு பக்கம் 27 தடவைகள், மறுபக்கம் 27 ஆட்டமிழப்புகள், மற்றவை யாவும் பூச்சியம். உங்கள் கூட்டல் ஒத்துவராவிட்டால் முதலில் இலவசத் தளங்களின் நிரலைத் திரும்பப் பாருங்கள். விடுபடுவது பெரும்பாலும் அதுதான்.