வேலைவாய்ப்பு ஏபிஐயை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையக இளைஞர்களுக்காக வேலை விளம்பரங்களைத் திரட்டித் தரும் செயலியை உருவாக்குவோர், ஏபிஐயிலிருந்து (ஒரு சேவையின் தரவை இன்னொரு செயலி கேட்டுப் பெறும் இணைப்பு வழி) தரவு வந்து சேர்ந்ததுமே பணி முடிந்துவிட்டதாகக் கருதிவிடக் கூடாது. காலாவதியான விளம்பரத்தை நம்பி, தோட்டத்தில் ஒரு நாள் பேரை (அன்றைய கூலியை) விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுபவரின் நட்டம் எந்தச் சேர்வர் பதிவிலும் தெரியாது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது விண்ணப்ப முடிவுத் திகதி. பல சேவைகள் நேரத்தை யூடிசி எனும் உலகப் பொது நேர முறையில் அனுப்புகின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. முடிவுத் திகதி 31 என்றும் நேரம் 00:00 யூடிசி என்றும் வந்தால், அதை அப்படியே ஒப்பிடும் நிரல் 31ஆம் திகதி காலை 5.30 மணிக்கே விளம்பரத்தை நீக்கிவிடும். கடைசி நாளில் விண்ணப்பிக்க வருபவருக்கு அது கண்ணிலேயே படாது. நேரம் வெறும் 00:00 ஆக இருந்தால், திகதி மட்டுமே கருதப்பட்டிருக்கிறதா என்பதைச் சேவையின் ஆவணத்தில் பார்த்து, அவ்வாறெனில் அந்த நாள் முடியும்வரை விளம்பரத்தை வைத்திருக்க வேண்டும். முடிவுத் திகதியே தரப்படாதவற்றில், வெளியான திகதியைத் தெளிவாகக் காட்டுவதே நேர்மையானது.

இடப்பெயரில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. நுவரெலியா ஆங்கிலத்தில் இரு சொற்களாகவும், ஒரே சொல்லாகவும், இடையில் சிறுகோட்டுடனும் எழுதப்படுகிறது. ஒரே வடிவத்தை மட்டும் தேடினால் ஏனைய விளம்பரங்கள் தவறிப்போகும். ‘ஹட்டன்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட வேலையும் நுவரெலியா மாவட்டத்துக்கு உரியதே என்பது நிரலுக்குத் தானாகத் தெரியாது. ஊர்களையும் மாவட்டங்களையும் இணைக்கும் பட்டியலொன்றை நாமே தயாரித்து, மாவட்டங்களுக்குச் சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓவின் குறியீடுகளைப் பயன்படுத்துவது நல்லது. அதில் கண்டி 21, நுவரெலியா 23, பதுளை 81. தூரத்தை வைத்து வடிகட்டுவதும் மலைநாட்டில் ஏமாற்றிவிடும். பெரும்பாலான ஏபிஐகள் நேர்கோட்டுத் தூரத்தையே கணிக்கின்றன. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக வளைந்து வளைந்து நுவரெலியா செல்லும் வீதியின் நீளம் அதைவிட மிக அதிகம். நாளாந்தம் போய்வரக்கூடிய வேலையா என்பதைப் பயண நேரமே தீர்மானிக்கிறது.

சேவையைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் இரகசியக் குறியீடான ஏபிஐ சாவியைக் கைப்பேசிச் செயலிக்குள்ளோ, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய களஞ்சியத்திலோ வைப்பது பெருந்தவறு. சாவி சேர்வரில் இருக்கட்டும். கைப்பேசிகள் உங்கள் சேர்வரிடம் கேட்கட்டும். சேவையின் நிபந்தனைகள் இடமளித்தால், பெற்ற தரவைச் சிறிது நேரம் சேமித்து வைத்து வழங்கலாம். சேவை அனுமதிக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையும் மீதமாகும். கோரிக்கைகள் அளவுமீறிவிட்டன எனும் 429 என்ற பதில் வந்தால், அதனுடன் காத்திருப்பு நேரம் தரப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்பப் பொறுத்திருக்க வேண்டும். உடனடியாகத் திரும்பத் திரும்பக் கேட்பது நிலைமையை மோசமாக்கும். 401 பெரும்பாலும் சாவி தவறு என்பதையே குறிப்பதால், அதே சாவியுடன் எத்தனை முறை கேட்டாலும் பயனில்லை.

பக்கம் பக்கமாக வரும் தரவில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்தமும் அவ்வளவுதான் என்று கருதுவதும், சம்பளம் குறிப்பிடப்படாத இடத்தில் ‘0 ரூபா’ என்று காட்டுவதும் எளிதில் திருத்தக்கூடியவை. ஒரே சேவையை மட்டும் நம்பி முழுச் செயலியையும் கட்டுவது அப்படியன்று: கிட்ஹப் நிறுவனம் தனது வேலைவாய்ப்புச் சேவையை 2021இல் மூடியபோது அதன் ஏபிஐயும் இல்லாமற்போனது.

வெளிநாட்டு வேலைகளில் கூடுதல் எச்சரிக்கை அவசியம். ஏபிஐ வழியாக வந்தது என்பதால் ஒரு விளம்பரம் சரிபார்க்கப்பட்டதாகிவிடாது. இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்கும் முகவர்கள், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். முகவரின் பெயரையும் மூல விளம்பரத்தின் இணைப்பையும் மறைக்காமல் காட்டி, பணம் கொடுப்பதற்கு முன் அனுமதிப்பத்திரத்தைப் பணியகத்தில் உறுதிசெய்யுமாறு அதே திரையில், விண்ணப்பப் பொத்தானுக்கு மேலேயே தமிழில் எழுதுங்கள்.